ஏற்காட்டுக்குக் குடிபோனால் வீசிங் நின்றுவிடுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளரும் உங்கள் நான்கு வயது மகனுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது, முழங்கை மடிப்பில் அரிப்பும் சொறியும் இருக்கிறது. வீட்டில் உள்ள லாப்ரடாரும் பாதத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்கிறது. ஆனால் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் உங்கள் மாமியார் வீட்டைச் சுற்றி ஓடியாடும் பிள்ளைகளுக்கும், அங்கே திரியும் நாட்டு நாய்களுக்கும் ஒன்றும் இல்லை. "மண்ணுல விடாம வளர்த்தா இப்படித்தான்" என்கிறார் மாமியார். இரண்டாவது குழந்தையும் வரப்போகிறது. எல்லோரும் மலைக்கே குடிபோய்விட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. வளரும் இடம் உடம்பின் எதிர்ப்பாற்றலைப் பழக்குகிறதா என்பது ஒன்று. ஒருவிதமாகப் பழகி முடிந்த உடம்பை, இடத்தை மாற்றித் திருப்ப முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் மகன் விஷயம் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

நான் கால்நடை மருத்துவர். சேலம் டவுனிலும், ஓமலூர், மேச்சேரி பக்கக் கிராமங்களிலும், ஏற்காட்டு மலை ஊர்களிலுமாக முப்பது வருஷத்துக்கு மேல் மாடும் ஆடும் நாயும் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனுக்கு என்ன மருந்து என்பதை அவனைப் பார்க்கும் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் ஒரே இனத்து உயிர் வேறு வேறு இடத்தில் வளரும்போது அதன் உடம்பு எப்படி வேறு வேறு விதமாகப் பழகுகிறது என்பது என் தொழிலில் கண்ணால் பார்க்கக் கிடைக்கும். அதனால் மாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

உண்ணி கடித்துப் பரவும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணி நம் பக்கம் உண்டு. கடும் காய்ச்சல் அடிக்கும், மாடு தீனி எடுக்காது, மூத்திரம் காப்பித் தண்ணீர் மாதிரி போகும். கவனிக்காமல் விட்டால் மாடு போய்விடும். ஆனால் உண்ணி இருக்கும் கொட்டாயிலேயே பிறந்து வளர்ந்த மாட்டை இது பெரும்பாலும் படுக்க வைப்பதில்லை. கன்றாக இருக்கும் முதல் ஏழெட்டு மாதத்தில், தாயின் சீம்பாலில் வந்த பாதுகாப்பும் அந்த வயதுக்கே உரிய தாங்கும் சக்தியும் இருக்கிறபோது, ஒட்டுண்ணி உள்ளே வந்தாலும் வெளியே தெரியாமல் அடங்கிவிடுகிறது. உடம்பு அதை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்கிறது. ஓமலூர் பக்கம் ஒருவர், உண்ணியே பார்க்காமல் சிமெண்டுத் தரையில் வளர்ந்த ஜெர்சி கலப்புக் கறவை ஒன்றை வாங்கி வந்து தன் பழைய மாடுகளோடு கட்டினார். மூன்றாவது வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பழைய மாடுகள் நான்கும் அசை போட்டுக்கொண்டு நிற்கின்றன, புது மாடு மட்டும் தரையில் கிடக்கிறது. ஒரே கொட்டாய், ஒரே உண்ணி. ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த ஈத்தில் பால் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. இதில் ரத்தத்துக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டு மாடுகளுக்குப் பிறவியிலேயே உண்ணியைத் தாங்கும் சக்தி அதிகம், ஜெர்சிக்கு அது குறைவு. வளர்ந்த இடத்தையும் வம்சத்தையும் முழுக்கப் பிரித்து எடுப்பது எப்போதுமே கஷ்டம். உங்கள் லாப்ரடாரைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

சரி, அது தொற்றைத் தாங்குவது பற்றி. அலர்ஜி வேறு வகை. ஒன்றும் செய்யாத பொருளை எதிரி என்று எடுத்துக்கொண்டு உடம்பு சண்டை போடுவது அது. "எதிர்ப்புச் சக்தி கம்மி, அதனால்தான் அலர்ஜி" என்று பலர் சொல்வதைக் கேட்கிறேன், அது தவறு. சக்தி இருக்கிறது, அது தேவையில்லாத இடத்தில் செலவாகிறது. இந்த அளவுமீறிய கூச்சம் வளரும் இடத்தைப் பொறுத்து மாறும் என்பதற்கு, எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான சாட்சி ஐஸ்லாந்துக் குதிரைதான். அந்தத் தீவுக்குள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டாக வெளிக்குதிரை வந்ததில்லை. கியூலிகாய்டஸ் என்ற பொடி ஈயில், குதிரையைக் கடித்து வாட்டும் வகைகளும் அங்கே இல்லை. (நம் ஊரில் ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவது இதே குடும்பத்து ஈதான்.) ஐஸ்லாந்தில் பிறந்து, வளர்ந்த பிறகு ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு விற்கப்படும் குதிரைகளில், ஈ அதிகமுள்ள இடங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு ஈக்கடி அலர்ஜி வருகிறது. பிடரி மயிரும் வாலும் கொட்டும்வரை உராய்ந்துகொள்ளும். அதே இனம், அதே வம்சம், ஆனால் ஐரோப்பாவிலேயே குட்டியாகப் பிறந்தவற்றில் பத்தில் ஒன்றுக்குக்கூட அது வருவதில்லை. குட்டிப் பருவத்திலேயே அந்த ஈயைச் சந்தித்ததா, வளர்ந்த பிறகு சந்தித்ததா என்பதே பெரிய வித்தியாசம்.

இதற்குச் சமமானதை சேலத்து நாய்களிடமே பார்க்கலாம். தெள்ளுப்பூச்சிக் கடிக்கு அலர்ஜியாகி, முதுகின் கடைசியில் வால் தொடங்கும் இடத்தில் முடி கொட்டிச் சிவந்து வரும் நாய்களில் பெரும்பாலானவை மேலெல்லாம் தெள்ளு மொய்க்கும் நாய்களாக இருப்பதில்லை. எப்போதாவது ஒன்றிரண்டு தெள்ளு ஏறும் வீட்டு நாய்கள்தான் அதிகம். குட்டியிலிருந்தே தொடர்ந்து கடிபட்ட நாய்க்கு உடம்பு ஓரளவு பழகிவிடுகிறது, விட்டு விட்டுக் கடிபடும் நாய்க்குத்தான் கூச்சம் ஏறுகிறது. இது என் அனுபவம் மட்டும் இல்லை, ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்த விஷயம். எனவே சீக்கிரம் சந்திப்பது போலவே தொடர்ந்து சந்திப்பதும் முக்கியம். வருஷத்துக்கு இரண்டு முறை லீவில் மலைக்குப் போய் வருவது எந்த வகையில் சேரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மனிதர்கள் பக்கம் வருவோம். 1989இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், 1958 மார்ச்சில் பிறந்த 17,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து ஒன்றைக் கவனித்தார். வீட்டில் அண்ணன் அக்காக்கள் எத்தனை அதிகமோ, மகரந்த அலர்ஜி அத்தனை குறைவு. மூத்த பிள்ளைகள் கொண்டுவரும் தொற்று சின்னதுக்கு நல்லதோ என்று நினைத்தார்கள். அடுத்தது ஜெர்மனியில். இரு ஜெர்மனிகளும் 1990இல் இணைந்ததும், எரிகா ஃபான் மூட்டியஸ் என்ற குழந்தை மருத்துவர் கிழக்கில் லைப்சிக் பகுதிப் பிள்ளைகளையும் மேற்கில் மியூனிக் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். கிழக்கில் நிலக்கரிப் புகை மண்டிக் கிடந்தது, அங்கேதான் ஆஸ்துமா அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தார். மார்ச்சளி கிழக்கில் அதிகம் இருந்தது, ஆஸ்துமாவும் மகரந்த அலர்ஜியும் சுத்தமான மேற்கில்தான் அதிகம் இருந்தன. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேலத்தில் குகை, அம்மாபேட்டைப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் பிள்ளைகள் இருமினால் பஞ்சுத் தூசி அலர்ஜி என்கிறார்கள், மேக்னசைட் தோண்டும் வெள்ளைக்கல் மேட்டுப் பக்கம் இருமினால் அதையும் அலர்ஜி என்கிறார்கள். புகையும் தூசியும் மூச்சுக்குழாயை உறுத்திப் புண்ணாக்குவது வேறு, அலர்ஜி வேறு. இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம், அப்போது உறுத்தல் அலர்ஜியைக் கிளப்பிவிடும். ஆனால் வைத்தியம் ஒன்றில்லை.

பிறகு வந்த ஆய்வுகள் மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் திரும்பின. ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து கிராமங்களில் எடுத்து 2001இல் வெளியான கணக்கில், ஒரு வயது நிறைவதற்குள் தொழுவத்துக்குள் புழங்கி, பண்ணைப் பாலும் குடித்த பிள்ளைகளில் 1 சதவீதத்துக்குத்தான் ஆஸ்துமா. அதே பழக்கம் ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் தொடங்கியவர்களில் 11 சதவீதம். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் உண்டு. இருவருமே ஐரோப்பாவின் ஒரே பகுதியிலிருந்து போனவர்கள், உணவும் வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் குடும்பங்கள் குதிரை கட்டி உழுகிறார்கள், மாட்டுக்கொட்டாய் வீட்டை ஒட்டி இருக்கிறது, பிள்ளைகள் அதற்குள்ளேயே விளையாடுகிறார்கள். ஹட்டரைட் பண்ணைகளில் பெரிய இயந்திரங்கள், கொட்டாய் வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. ஆஸ்துமா ஆமிஷ் பிள்ளைகளிடம் 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளிடம் 21 சதவீதம். ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளான எண்டோடாக்சின் ஏழு மடங்கு அளவுக்கு இருந்தது. 2016இல் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு காரியமும் செய்தார்கள். இரு வீட்டுத் தூசியையும் எடுத்து எலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். ஆமிஷ் வீட்டுத் தூசி எலிகளை ஆஸ்துமாவிலிருந்து காத்தது, மற்றது காக்கவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். மூச்சுக்குழாயின் உள்தோலில் இருக்கும் செல்கள்தான் அபாய மணி அடிப்பவை. சின்ன வயதிலேயே கொட்டாய்த் தூசி தினமும் பட்டுக்கொண்டிருந்தால், அந்தச் செல்கள் மணியை அடக்கிவைக்கும் புரதத்தை அதிகம் செய்துகொள்கின்றன. கூடவே, மற்ற வெள்ளணுக்களை அமைதிப்படுத்தும் ஒரு வகை டி செல்களும் குடலிலும் நுரையீரலிலும் பெருகுகின்றன. இந்தப் பயிற்சி கிடைக்காத உடம்பில், படுக்கையிலும் கம்பளியிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியின் எச்சத்துக்கும் கரப்பான் துகளுக்கும்கூட ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகி, தோலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கிறது. அடுத்த முறை அந்தத் துகள் வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. மூக்கொழுகல், அரிப்பு, வீசிங் எல்லாம் அதன் வேலை. ஒருமுறை இப்படி உருவான நினைவு சுலபத்தில் அழிவதில்லை. பெரியவர்களான பிறகு கிராமத்துக்குப் போனவர்கள் எல்லோரும் குணமாகாததற்குக் காரணம் இதுதான்.

ஆய்வுக்கூட எலிகள் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் மருத்துவ உலகத்தையே யோசிக்க வைத்தவை அவைதான். மருந்து சோதிக்கப் பயன்படும் எலிகள் பல தலைமுறைகளாகக் கிருமி நுழையாத கூண்டுகளில் வளர்பவை. 2016இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அவற்றைச் செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய சாதாரண எலிகளோடு ஒன்றாக விட்டார்கள். ஐந்தில் ஒன்று செத்துப்போனது. மீதமிருந்தவற்றின் ரத்தத்தைப் பார்த்தால், முன்பு பச்சிளங்குழந்தையுடையதைப் போல இருந்த வெள்ளணுக்கள் இப்போது வளர்ந்த மனிதனுடையதைப் போல மாறியிருந்தன. சுத்தமான கூண்டு எலிகளை நம்பியதன் விலை என்ன என்பது அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. 2006இல் லண்டனில் டிஜிஎன் 1412 என்ற மருந்தை ஆறு தன்னார்வலர்களுக்கு ஏற்றினார்கள். எலியிலும் குரங்கிலும் ஒன்றும் செய்யாத மருந்து, ஆறு பேரையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. 2019இல், ஆய்வுக்கூட எலியின் கருவைக் காட்டு எலியின் வயிற்றில் வைத்ததால் அங்கே பிறந்து காட்டுக் கிருமிகளோடு வளர்ந்த எலிகளுக்கு அதே வகை மருந்தைக் கொடுத்தபோது, மனிதருக்கு நேர்ந்ததைப் போன்ற விளைவு அவற்றிலும் தெரிந்தது. மரபணு மாறவில்லை, வளர்ந்த விதம்தான் மாறியது.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி உறுதி குறைந்த பகுதி. எந்தக் கிருமி, எந்த அளவு, எத்தனை மாதம் என்பது இன்னும் தீரவில்லை. மேலே சொன்ன காட்டுக் கிருமி எலிகளுக்கும் தூசிப் பூச்சியைக் கொடுத்தால் பலமான அலர்ஜி வருகிறது என்று 2023இல் ஒரு ஆய்வு காட்டியது. அதனால் "கிருமி இருந்தால் அலர்ஜி இல்லை" என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. குடல்புழு அலர்ஜியை அடக்கும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புழு மருந்து கொடுத்தபோது தூசிப் பூச்சிக்கான தோல் சோதனையில் அலர்ஜி கூடியது. ஆனால் வேண்டுமென்றே கொக்கிப்புழுவை ஏற்றி ஆஸ்துமாவைக் குறைக்கப் பார்த்த முயற்சிகள் பலன் தரவில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் புழு கொண்டுவரும் ரத்தசோகை மட்டும் நிச்சயம். பள்ளியில் தரும் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஸ்ட்ராக்கன் நினைத்தபடி சளி, காய்ச்சல், அம்மை போன்ற தொற்றுகள் காப்பாற்றுவதாகவும் பிறகு தெரியவில்லை. கைக்குழந்தைப் பருவத்தில் வைரஸால் மூச்சிரைப்பு வந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் ஆஸ்துமா அதிகமாகத்தான் இருக்கிறது. நன்மை செய்பவை என்று இன்று கருதப்படுபவை மண்ணிலும் மாட்டிலும் நம் குடலிலும் காலங்காலமாக இருக்கும், நோய் தராத உயிர்கள். கை கழுவுவதும் தடுப்பூசியும் அலர்ஜியைக் கொண்டுவருவதில்லை.

இப்போது உங்கள் மாமியார் வீட்டு மலைக்கு வருவோம். ஆஸ்துமாக்காரர்களை மலைக்கு அனுப்பும் பழக்கம் சுவிட்சர்லாந்தில் டாவோஸ் போன்ற ஊர்களிலிருந்து வந்தது. டாவோஸ் சுமார் 1,560 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. உயரம் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் டாவோஸில் நன்மை செய்வது அங்கிருக்கும் குளிர்ந்த வறண்ட காற்று. தூசிப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. வறண்ட காற்றில் செத்துவிடும். ஏற்காட்டில் மாதக்கணக்கில் பனிமூட்டம், காப்பித் தோட்டத்து நிழல், சுவரெல்லாம் பாசி. தூசிப் பூச்சிக்கும் பூசணத்துக்கும் அதைவிட வசதியான இடம் இல்லை. ஆறு மாதம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, பெட்டிக்குள் இருந்த கம்பளியை உதறிப் போர்த்திப் படுத்தால் உங்கள் மகனுக்கு முதல் ராத்திரியே இழுக்கலாம். விறகடுப்புப் புகை இருந்தால் இன்னும் மோசம். அடிவாரத்தில் பார்த்தீனியம் மண்டிய காலி மனைகளும் அவனுக்கு ஆகாது.

அங்கே நோயில்லாமல் திரியும் நாட்டு நாய்களைப் பற்றி ஒன்று. அவை தப்பிப் பிழைத்தவை. மேற்கு வங்கத்தில் தெரு நாய்க் குட்டிகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து எண்ணினார்கள், இனப்பெருக்க வயதை எட்டியது ஐந்தில் ஒன்றுதான். வண்டியில் அடிபட்டவை, மனிதர் கொன்றவை, நோயில் போனவை எல்லாம் நம் கண்ணில் படுவதில்லை. ரோட்டில் கம்பீரமாக நிற்கும் அந்த ஒன்றை மட்டும் பார்த்து, மண்ணில் வளர்ந்தால் இப்படி இருக்கும் என்று நினைப்பது தவறு. முன்காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் வந்ததில்லை என்று பெரியவர்கள் சொல்லும்போதும் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அந்தத் தலைமுறையில் ஒவ்வொரு வீட்டிலும் தங்காமல் போன குழந்தைகள் உண்டு.

அதனால் என் கருத்து இது. மகனின் வீசிங்குக்காக வீடு மாற்றாதீர்கள். அவனுக்கு எது ஆகவில்லை என்று சோதித்துத் தெரிந்துகொண்டு, மருத்துவர் தரும் இன்ஹேலரை விடாமல் கொடுங்கள். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் நிறுத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. மலைக்குப் போகும்போது அறையை முன்கூட்டியே திறந்து, படுக்கை விரிப்புகளை வெந்நீரில் அலசி வெயிலில் போடச் சொல்லுங்கள். அவன் மண்ணில் விளையாடட்டும், மாட்டைத் தடவட்டும், அது அவனுக்குச் சந்தோஷம். மருந்தாக நினைத்து அனுப்ப வேண்டாம்.

பிறக்கப்போகும் குழந்தைக்குத்தான் சூழல் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியும். நாயை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோதனையில் மகனுக்கு நாய் அலர்ஜி என்று வந்தால் அது வேறு பேச்சு. இல்லாவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள். சுவீடனில் லட்சக்கணக்கான பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்ததில், முதல் வயதில் வீட்டில் நாய் இருந்தவர்களுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவு, பண்ணை விலங்குகளோடு இருந்தவர்களுக்கு ஏறக்குறைய பாதி. இது கணக்கில் தெரியும் தொடர்பு, ஒவ்வொரு குழந்தைக்கும் உத்தரவாதம் கிடையாது. உணவில் இதைவிட உறுதியான சாட்சி இருக்கிறது. 2015இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் அலர்ஜி வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளில் பாதிப்பேருக்கு நிலக்கடலையைக் கொடுத்தார்கள், மீதிப்பேருக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் கடலை அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3 சதவீதம், தவிர்த்தவர்களில் 17 சதவீதம். முதல் பிள்ளைக்குச் சொறி இருப்பதால், குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, திட உணவு தொடங்கும் பருவத்திலேயே கடலையை நன்றாக அரைத்துக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், அது கூடாது.

பால் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ஐரோப்பிய ஆய்வுகளில் காய்ச்சாத பால் நல்லது என்று வந்ததைப் படித்துவிட்டு இங்கே பச்சைப்பால் கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் மாடுகளில் காசநோயும் கன்றுவீச்சு நோயான புருசெல்லாவும் இருக்கின்றன. மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியுமாக அலைந்து, கடைசியில் அது புருசெல்லா என்று தெரிந்த மாட்டுக்காரர்களை நான் அறிவேன். காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். நீங்களும் பிரசவம் முடியும்வரை ஆடு குட்டி போடும் இடத்துக்குப் போகாதீர்கள், நஞ்சுக்கொடியைக் கையால் தொடாதீர்கள். பூனை மலம் கலந்த மண்ணையும் வெறும் கையால் கிளற வேண்டாம், டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும்.

அப்புறம் உங்கள் நாய். லாப்ரடாருக்குத் தோல் அலர்ஜி வருவதில் வம்சத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பின்லாந்தில் நகர நாய்களுக்கு அலர்ஜி அதிகம், நாய்க்கு இருந்தால் வளர்ப்பவருக்கும் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் இருப்பது அதோடு ஒத்துப்போகிறது. மூன்று வயதான நாயை மலைக்கு அனுப்பினால் தெள்ளும் உண்ணியும் புதிதாகச் சேரும், மேலே சொன்ன ஜெர்சி மாட்டின் கதைதான். முதலில் மூன்று மாதம் விடாமல் தெள்ளு மருந்து போட்டு, அது காரணமா என்று பாருங்கள். வெளியே போய் வந்ததும் பாதத்தை வெறும் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கு காயும்வரை துடைத்துவிடுங்கள். காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை அடித்தால் உள்ளே ஈஸ்ட் வளர்ந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவ வேண்டாம், அது நக்கி வயிற்றுக்குள் போய்விடும்.